வலது இறக்கையின் அரை இஞ்ச்

ராஜமதிக்குக் கோபம் வந்தால் பென்சில் சீவுவாள். விழுப்புரத்தில் பொறியாளர் சக்கரபாணியின் அலுவலகத்தில் இருபத்து நான்கு வருடமாக வீட்டு வரைபடம் போடுகிறவள். கம்ப்யூட்டர் வந்த பிறகு அங்கே பென்சிலுக்கு வேலையே கிடையாது. இருந்தாலும் அவள் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு டஜன் பென்சில் கிடக்கும், கோபத்துக்கென்றே வாங்கி வைத்தது. சாயங்காலம் பெருக்க வருகிற குப்பம்மாள், மேசைக்கடியில் இருக்கும் கூடையை எட்டிப் பார்த்தே அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுவாள். "இன்னாம்மா, சார் இன்னிக்கு ரொம்பத் திருத்திட்டாரா?" என்பாள்.

அவர் திருத்தாத நாள் ஏது? சக்கரபாணி நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ராஜமதியின் கோபம் யாருக்கும் புரியாது. அதட்டமாட்டார், அசிங்கமாகப் பேசமாட்டார். ராஜமதிக்கு மகள் பிராமி பிறந்தபோது மனைவியோடு வந்து குழந்தைக்குத் தொட்டில் கொடுத்துவிட்டுப் போனவர். கத்துகிறவராக இருந்திருந்தால் ஒரு நாள் பதிலுக்குக் கத்திவிட்டு அவள் வேறு வேலை பார்த்திருப்பாள். இவரோ சிரித்த முகத்தோடு அவள் போட்ட கோட்டின் மேல் சிவப்பு மையால் கோடு போடுகிறவர். "ரெண்டு பக்கமும் சமமா இருந்தாத்தாம்மா லட்சணம்" என்பது அவருடைய ஒரே வேதம். மேற்கு வெயிலை யோசித்து ஒரு பக்கத்து ஜன்னலைச் சிறிதாக அவள் வைத்தால், இரண்டையும் ஒரே அளவாக்கிவிட்டு, "இப்ப பாரு, எவ்ளோ அழகாக்கீது" என்பார். வீட்டுக்காரன் ஆயுசு முழுக்க மேற்கு அறையில் வெந்து சாவான். அவருக்கென்ன.

ஐ.டி.ஐ.யில் படவரைவு படித்துவிட்டு அங்கே சேர்ந்த முதல் வாரமே ஒன்று நடந்தது. வரைபடத்தின் வலது மூலையில் ஒரு கட்டம் இருக்கும். அதில் பொறியாளர் கையெழுத்து, லைசென்ஸ் எண், அதற்குக் கீழே 'வரைந்தவர்' என்று ஒரு சின்ன இடம். ராஜமதி அதில் தன் பெயரை அழகாக எழுதிவைத்தாள். சக்கரபாணி பிளேடு எடுத்து அந்தப் பெயரைப் பொறுமையாகச் சுரண்டினார். "ரெண்டு பேரு இருந்தா முனிசிபாலிட்டியில கொழம்பிக்குவாங்கம்மா" என்று சொல்லி, சுரண்டிய தூளை ஊதியும் விட்டார். அன்றைக்குத்தான் முதல் பென்சில்.

ராஜமதி செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பத்துப் பெண். வாழ்க்கைப்பட்டது திண்டிவனத்தில். கணவன் ஜிதேந்திரனுக்கு மல்லாட்டை வியாபாரம், நிலக்கடலையை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அவர்களுக்கு வருடந்தோறும் பத்து நாள் தசலட்சண விரதம் முடிந்ததும் மன்னிப்பு நாள் என்று ஒன்று வரும். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளும்படி எல்லோரும் எல்லோரிடமும் கைகூப்பிக் கேட்பார்கள். மாமியார் மருமகளிடமும் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவரும் திருப்பிக் கேட்பது முறை. ராஜமதி வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்து சக்கரபாணியிடமும் தவறாமல் கேட்டு வந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "சரி சரி, மன்னிச்சிட்டேன், போய் வேலையைப் பாரும்மா" என்பார். திருப்பி ஒரு தடவையும் கேட்டதில்லை. "அவருக்கு நம்ம முறை இன்னா தெரியும்?" என்று ஜிதேந்திரன் சமாதானம் சொல்வான். தெரியாதுதான். ஆனால் இருபத்து நான்கு தடவை எதிரில் ஒருத்தி கைகூப்பி நின்றால், பதிலுக்குக் கூப்ப வேண்டும் என்று ஒரு தடவைகூடவா கைக்குத் தோன்றாது?

விமானம் வந்தது எட்டு வருடத்துக்கு முன்னால். ஒரு கல்யாண மண்டபத்துக் கூரைக்கு இரும்புச் சட்டம் போட மாதிரி தேடிக்கொண்டிருந்தவள் கண்ணில், நூறு வருடத்துக்கு மேல் பழைய விமானம் ஒன்றின் வரைபடம் பட்டது. விமானத்தில் ஏறும் ஆசையெல்லாம் அவளுக்குக் கிடையாது, இன்றுவரை ஏறியதும் இல்லை. அவளைப் பிடித்து நிறுத்தியது கோடுகள். மேலிருந்து ஒன்று, முன்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. வீட்டுக்கு அவள் போடுவதும் இதே மூன்றுதான். மரச்சட்டம், கம்பி, துணி, அவ்வளவே சாமான். எதையும் மூடி மறைக்காத ஒரு பொருளை அவள் அதுவரை பார்த்ததில்லை. இதை என்னால் செய்ய முடியும் என்று நினைத்தாள். அதைத் திருத்த அங்கே யாரும் இல்லை என்பதையும் கூடவே நினைத்தாள்.

அளவாக வெட்டிப் பெட்டியில் போட்டு விற்கிற துண்டுகளை வாங்கி ஒட்டுகிற வேலை அவளுக்குப் பிடிக்காது. ஒவ்வொன்றும் கையால்தான். தாங்குகுச்சிக்கு ஊதுபத்தியின் மூங்கில். கம்பிக்குப் பதில் மெழுகு தடவிய நூல். இறக்கைத் துணிக்கு ஜிதேந்திரனின் பழைய மல் வேட்டி. போர்த்திய துணியின் மேல் சோற்றுக் கஞ்சி தடவினால், காய்ந்ததும் விண்ணென்று இழுத்துக்கொள்ளும். கஞ்சிக்குப் பூச்சி வரும், வந்தால் கொல்ல முடியாது. அதனால் வசம்பை இடித்துக் கஞ்சியிலேயே கலந்துவிடுவாள். பூச்சி வராது, பாவமும் வராது. மூங்கிலால் ஆன பழைய விமானம் ஒன்று அவளுக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அதற்குப் பட்டுத்துணி போர்த்தியிருந்தார்கள். புழுவைக் கொதிநீரில் போட்டு உருவுகிற நூல் தன் வீட்டுக்குள் வராது என்று அதைச் செய்யாமலே விட்டாள். "வேற துணி போட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் ஜிதேந்திரன். "எனக்குத் தெரியும்ல?" என்றாள்.

இருட்டிய பிறகு சாப்பிடுவது அவர்கள் முறையில் இல்லை, அதனால் சாயங்காலச் சாப்பாட்டைப் பொழுதிருக்கும்போதே அலுவலகத்தில் முடித்துக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். வீட்டுக்கு வந்தால் உடம்பு தாங்காது. எனவே விமானத்துக்கு விடியற்காலை நாலரையிலிருந்து ஆறரை வரை. அந்த இரண்டு மணி நேரத்தில் ஆறு விமானங்கள் செய்திருக்கிறாள். ஏழாவது, அமெரிக்காவில் அண்ணன் தம்பி இருவர் 1903-இல் பறக்கவிட்டார்களே, அந்த முதல் விமானம். எட்டில் ஒரு பங்கு அளவு. இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஐந்தடி. மேலொன்று கீழொன்றாக இரண்டு இறக்கை, பின்னால் சுழலும் இரண்டு விசிறி, அதை ஓட்டக் கவரிங் கடையில் வாங்கிய மெல்லிய செயின்.

அதில் அவள் ஒரு தப்பு செய்தாள், படம் வரைகிறவர்கள் மட்டுமே செய்கிற தப்பு. வரைபடக்காரர்கள் இரண்டு பக்கத்தையும் போட மாட்டார்கள். ஒரு பாதியை வரைந்துவிட்டு, கண்ணாடியில் காட்டுவதுபோல் மறுபாதிக்குக் கம்ப்யூட்டரைத் திருப்பிப் போடச் சொல்வார்கள். ராஜமதியும் இடது இறக்கையை மட்டும் அளந்து, அதையே திருப்பிப் போட்டு, வலதையும் செய்து முடித்தாள். நாலு மாத வேலை. பிறகுதான் படத்தின் ஓரத்தில் இருந்த அளவைக் கவனித்தாள். வலப்பக்கம் நாலு இஞ்ச் கூடுதல் என்று இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்து இன்னும் இரண்டு படம் தேடினாள். அதிலும் அப்படியே. காரணத்தைப் படித்தபோது அந்த விடியற்காலையில் வாய்விட்டுச் சிரித்தாள். ஓட்டுகிறவன் நடுவுக்கு இடப்பக்கம் குப்புறப் படுத்திருப்பான், இன்ஜின் வலப்பக்கம். இன்ஜின் ஆளைவிடக் கனம். அந்தப் பக்கம் தாழ்ந்துவிடக் கூடாது என்பதற்காக வலது இறக்கைகளை நீட்டி வைத்திருந்தார்கள். சமமில்லாமல் வைத்ததால்தான் அது சமமாக நின்று பறந்தது. இருபத்து நான்கு வருடமாக ஒரு மனிதருக்கு அவளால் புரியவைக்க முடியாத விஷயம் அது.

எட்டில் ஒரு பங்கில் நாலு இஞ்ச் என்பது அரை இஞ்ச். அந்த அரை இஞ்சுக்காக நாலு மாத வேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு, வலது இறக்கைகளை முதலிலிருந்து செய்தாள். இறக்கைக்குள் குறுக்கே வைக்கிற விலாக் குச்சி ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டாள். வ-1, வ-2 என்று வரிசையாக. எல்லாம் முடிய இரண்டரை வருடம் ஆனது.

சக்கரபாணி தன் தங்கை மகள் கல்யாணப் பத்திரிகை வைக்கத் திண்டிவனம் வந்தபோது அதைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை. கோலியனூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் விமானப் பொறியியல் பிரிவுக்குப் புதுக் கட்டடம் கட்டியிருந்தார்கள். திறப்பு விழா நெருங்கியிருந்தது. பிளான் சக்கரபாணியுடையது, அதாவது ராஜமதி வரைந்தது. அதிலும் ஒரு இடத்தில் அவர் கை வைத்திருந்தார். படி ஏற முடியாதவர்களுக்கான சாய்தளத்தை அவள் விதிப்படி நீளமாகப் போட்டிருந்தாள். முகப்பின் ஒரு பக்கம் மட்டும் நீண்டுகொண்டு போவது லட்சணமாக இல்லையென்று, பாதியாக வெட்டிச் செங்குத்தாக்கிவிட்டார். அன்றைக்கு மூன்று பென்சில்.

"கல்லூரி வாசல்ல கண்ணாடிப் பெட்டியில வச்சா எப்படி இருக்கும் சொல்லு!" என்றார்.

ராஜமதி ஒரு நாள் முழுக்க யோசித்தாள். வாழ்க்கையில் யாரிடமும் நிபந்தனை போட்டதில்லை. அன்று இரண்டு போட்டாள். "யாரும் அதுல கை வைக்கக் கூடாது சார். அப்புறம், எழுதி வைக்கிற பலகையில என் பேரு இருக்கணும்."

"இதெல்லாம் கேக்கணுமாம்மா?" என்றார் சக்கரபாணி.

கேட்டிருக்கத்தான் வேண்டும். எழுதியும் வாங்கியிருக்க வேண்டும்.

ஜிதேந்திரனின் மினி லாரியில், மல்லாட்டை மூட்டை போடுகிற இடத்தில் மெத்தையை விரித்து, விமானத்தை வைத்து, பின்னால் அவளே உட்கார்ந்து பிடித்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் ஒவ்வொரு வேகத்தடைக்கும், "மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க" என்று பின்னாலிருந்து கத்தினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, நூல் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, சாவியைச் சக்கரபாணியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருந்தது.

விழாவன்று தூசி தட்டுவதற்கென்று ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, ஜிதேந்திரனோடு இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டாள். வாசலில் வாழைமரம், மாவிலை. பெட்டிக்கு முன்னால் போய் நின்றதுமே ஏதோ உறுத்தியது. கால் நூற்றாண்டு கோடு பார்த்த கண். பையிலிருந்த எஃகு ஸ்கேலை எடுத்து, கல்லூரிக் காவலாளியிடம் சக்கரபாணி கொடுத்துவைத்திருந்த சாவியால் பெட்டியைத் திறக்கச் சொல்லி, அளந்தாள். வலதும் இடதும் சமமாக இருந்தன. வலது நுனிக்குச் சற்று முன்னால், மேல் இறக்கையிலும் கீழ் இறக்கையிலும், துணியில் பசை திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. நடுவில் ஒரு துண்டை அறுத்து எடுத்துவிட்டு நுனியை மறுபடி ஒட்டியிருந்தார்கள். ஜன்னல் விளிம்பில் ஒரு கேரி பேக் கிடந்தது. அதற்குள் மரத்தூளோடு அந்த இரண்டு துண்டுகள். ஒன்றின் விலாவில் 'வ-19' என்று அவள் கையெழுத்து.

சக்கரபாணி பட்டு வேட்டியில் வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். "பார்த்தியா?" என்று கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வலது பக்கம் அரை இஞ்ச் நீட்டா வச்சிட்டிருந்தம்மா. நல்ல வேளை, நான் டேப் வச்சிப் பார்த்தேன். வர்றவரு ஏர்ஃபோர்ஸ்ல இருந்தவரு, கண்டுபுடிச்சிருந்தா மானம் போயிருக்கும். யார்கிட்டயும் மூச்சு விடல. நானே பக்கத்துல நின்னு தச்சரை வச்சி சரி பண்ணிட்டேன்."

ராஜமதி ஸ்கேலை வலது நுனியில் வைத்துக் காட்டினாள். "அது தப்பு இல்ல சார். அது அப்படித்தான். படத்துல போட்டுக்கீது."

"படத்துல தப்பா இருக்கும்மா. எந்த ஏரோப்ளேனுக்காவது ஒரு ரெக்கை மட்டும் நீட்டா இருக்குமா?"

"எனக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே சார்."

"இந்தச் சின்ன விஷயத்துக்கு உன்ன எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னுதான்..." என்றார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திருடன் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். உபகாரம் செய்துவிட்டு நன்றிக்கு நிற்கிறவரை எங்கே பிடிப்பது?

அப்போதுதான் பலகை கண்ணில் பட்டது. பித்தளைத் தகட்டில், 'உலகின் முதல் விமானம் – மாதிரி. ஆக்கம்: பொறியாளர் சக்கரபாணி அசோசியேட்ஸ், விழுப்புரம்' என்று பொறித்திருந்தது. அவள் விரலால் அதைக் காட்டினாள்.

"நீயும் அசோசியேட்ஸ்தானேம்மா" என்றார் சக்கரபாணி, சிரித்துக்கொண்டே.

ஜிதேந்திரன் அவளை ஒரு தூணோரமாக அழைத்துப் போனான். "ராஜி, ஊரே கூடிக்கினு இருக்குது. இங்க பேஜாரு பண்ணாத. முடியட்டும், ஜல்தியா எடுத்துக்கினு வீட்டுக்குப் போயிடலாம்." அவளுக்கு அழுகை வரவில்லை. சீவப் பென்சில்கூட இல்லை. அந்த இரண்டு துண்டுகளையும் மரத்தூள் போக ஊதி, பையிலிருந்த டிபன் பாக்ஸின் மேல் தட்டில் வைத்து மூடினாள். சரி, முடியட்டும் என்று சொன்னாள். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தாள்.

சிறப்பு விருந்தினர் அப்பாதுரை, ஓமந்தூர்க்காரர். விமானப்படையில் முப்பது வருடம் விமானம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்கால் தேய்ந்து போய், கையில் தடி. படி ஏற முடியாமல் சாய்தளத்துக்கு வந்தார். அந்தச் செங்குத்தில் இரண்டு பேர் முன்னால் இழுத்து, ஒருவர் பின்னால் தாங்கித்தான் ஏற்ற முடிந்தது. மேலே வந்து சேர்ந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. ராஜமதி அதையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பாதுரை கண்ணாடிப் பெட்டிக்கு அருகில் வந்ததும் தடியை மறந்துவிட்டார். குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வந்து பார்த்தார். "அடடா, ஒரு செயினை எட்டு மாதிரி முறுக்கிப் போட்டுக்கீறாங்க பாருங்க! ரெண்டு விசிறியும் எதிர்ப்பக்கம் சுத்தறதுக்காக. இதைக்கூட விடல." கல்லூரித் தாளாளர் தென்னரசுவுக்குப் பெருமை பிடிபடவில்லை. சக்கரபாணி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். அப்பாதுரை இரண்டு பக்கமும் விரலால் அளவெடுத்தார். நெற்றி சுருங்கியது. "எல்லாம் சரி. வலது ரெக்கை நாலு இஞ்ச் கூட இருக்கணுமே? இந்த பிளேனோட விசேஷமே அதான. இவ்ளோ பார்த்துப் பண்ணவரு அதை விட்டுட்டாரே. அந்த நாலு இஞ்ச் எங்க?"

தென்னரசு சக்கரபாணியைப் பார்த்தார்.

"அது... எங்க ஆபீஸ்ல ஒரு லேடி ஸ்டாஃப் பண்ணது சார்" என்றார் சக்கரபாணி. "நானும் சொல்லிக்கினே இருந்தேன். கொஞ்சம் கவனக்குறைவு."

பலகையில் இல்லாத ராஜமதி இப்போது வந்துவிட்டாள். தப்பு என்றதும் அவள் பெயரில்லாமலே அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். டிபன் பாக்ஸைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் டக்கென்று வைத்துத் திறந்தாள்.

"அந்த நாலு இஞ்ச் இங்க கீது சார்" என்றாள் அப்பாதுரையிடம். "எட்டுல ஒரு பங்கா அரை இஞ்ச். நான் சரியாத்தான் வச்சிருந்தேன். தப்பு பண்ணிட்டேன்னு இவரு தச்சரை வச்சி அறுத்துட்டாரு. ஒரு வார்த்த கேக்கல."

"ராஜமதி, இப்ப எதுக்கும்மா இதெல்லாம்..." என்றார் சக்கரபாணி.

"இப்பத்தான் சார். இருவத்தி நாலு வருசமா அப்புறம் அப்புறம்னே இருந்துட்டேன்." அவள் குரல் உயர்ந்தது. தன் குரல் இவ்வளவு உயரும் என்று அவளுக்கே தெரியாது. "நீங்க ஏறி வந்தீங்களே சார், மூச்சு முட்ட, அந்தச் சாய்தளம். இந்தக் கட்டடத்து பிளானும் நான் போட்டதுதான். அதையும் நீளமாத்தான் போட்டேன். அதையும் அறுத்தாரு. என் பேரை பிளேடு வச்சி சுரண்டுனாரு. நல்லது பண்றேன்னு சொல்லிச் சொல்லியே அறுத்தாரு. நல்லா வந்ததெல்லாம் அவரு பேர்ல கீது. கெட்டுப்போனது மட்டும் எம்பேர்ல."

அப்பாதுரை சங்கடப்பட்டுப் போனார். "நான் சும்மா கேட்டேம்மா" என்றார். தென்னரசு, "அம்மா, ஃபங்ஷன் முடியட்டும், உள்ள உக்காந்து பேசலாம்" என்றார்.

"முடிஞ்சிடுச்சி" என்றாள் ராஜமதி. ஜிதேந்திரனைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, அந்தப் பக்கம் புடிங்க."

அவன் டிபன் பாக்ஸை மூடி அவள் பையில் போட்டுவிட்டு, பூட்டாமல் இருந்த பெட்டிக் கதவைத் திறந்து, விமானத்தின் மறுபக்கத்தைப் பிடித்தான். சாய்தளத்தில் அவள் பின்பக்கமாக இறங்கினாள். செங்குத்தில் கால் வழுக்கியது. வழுக்க வைத்த கையை மனதார வைதுகொண்டே இறங்கினாள். மேலே வெறும் கண்ணாடிப் பெட்டியும், அதன் மேல் சக்கரபாணியின் பெயர் பொறித்த பித்தளைப் பலகையும் நின்றன. அதற்கு முன்னால் ரிப்பன் கட்டியிருந்தது.

மறுநாளிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. சக்கரபாணியிடமிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. ஒட்டை நனைத்துப் பிரித்து, இரண்டு துண்டுகளையும் இருந்த இடத்தில் வைத்து ஒட்டினாள். நுனிக்கு முன்னால் இரண்டு கோடு தெரிந்தது. புதுத் துணி போர்த்தி மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

அந்த வருடத் தசலட்சண விரதம் மூன்று வாரத்தில் வந்தது. பத்து நாளுக்கும் நாளுக்கொரு நற்குணம், அதில் முதல் நாளே பொறுமை. ராஜமதி ஒருவேளை சாப்பிட்டாள், கோயிலுக்குப் போனாள், கண்ணை மூடி உட்கார்ந்தாள். கோபம் போகவில்லை. கோபம் பாவம் என்று பத்து நாளும் சொன்னார்கள். அறுத்தவன் நிம்மதியாகத் தூங்குகிறான், அறுபட்டவள் தன் கோபத்தைப் பாவக்கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டுமா என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கோபம் வந்தது.

மன்னிப்பு நாளன்று கணவனிடம் கேட்டாள், அவனும் கேட்டான். சென்னையிலிருந்து வந்திருந்த பிராமியிடம் கேட்டாள். குப்பம்மாளுக்குப் போன் போட்டுக் கேட்டாள். "எனக்கெதுக்கும்மா இதெல்லாம்? நீதாம்மா என்னப் பொறுத்துக்கணும்" என்று அவள் அந்தப் பக்கம் அழுதாள். சக்கரபாணி வந்தது மூன்று மணி வாக்கில். ஒரு கையில் ஸ்வீட் பெட்டி, கக்கத்தில் சுருட்டிய வரைபடங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். சுவரோரம் இருந்த விமானத்தைப் பார்த்தார். "ஒட்டிட்டியா. ஆனா ஒட்டு தெரியுதேம்மா" என்றார்.

"தெரியட்டும் சார்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னிக்கு உங்க மன்னிப்பு நாளாச்சே. வருசா வருசம் தவறாம வந்து கேப்பே. நாலு பேர் முன்னாடி அப்படிப் பேசிட்டோமேன்னு கூச்சப்பட்டுக்கினு இருப்பேன்னுதான் நானே வந்துட்டேன். எம்மனசுல ஒண்ணும் இல்லம்மா. நீ கேட்டுடு, நானும் மன்னிச்சிட்டேன்னு சொல்லிடறேன். திங்கக்கிழமை வந்துடு. மூணு பிளான் அப்படியே கிடக்குது." கக்கத்திலிருந்த சுருளை எடுத்து ஸ்வீட் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஜிதேந்திரன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். கேட்டுவிடேன், ஒரு வார்த்தைதானே என்று அவன் கண் சொன்னது. இருபத்து நான்கு வருடம் சொன்ன வாக்கியம் அவள் நாக்கில் தானாக வந்து நிற்கவும் செய்தது. அவள் நேர்மையாகவே யோசித்தாள். இந்த மனிதருக்குத் தான் செய்த பிழை என்ன? சபையில் மானத்தை வாங்கியது. தெரிந்தே செய்ததுதான். ஆனால் அதைப் பிழை என்று அவளால் நினைக்க முடியவில்லை. பிழையென்று நினைக்காத ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்டால் அது பொய். இந்த நாளில் பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை.

"இந்த வருசம் கேக்க வேண்டியது நான் இல்ல சார்" என்றாள்.

"பின்ன யாரும்மா?" என்று கேட்டார் சக்கரபாணி. நடிக்கவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. வேறு யாரோ வந்திருக்கிறார்களோ என்று வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பியும் பார்த்தார்.

ராஜமதி வரைபடச் சுருளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். ஸ்வீட் பெட்டியையும் அதன்மேல் வைத்தாள். பிறகு கைகூப்பினாள்.

"போயிட்டு வாங்க சார்" என்றாள்.